மூன்று கூட்டல் குறிகளும் ஒரு நொடி மௌனமும்: மோடத்தோடு பேசிய மொழி

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்கள் முதல் வரிசையில் நின்றன. பெங்களூரும் புணேயும் அடுத்து வந்தன. மைசூரு அந்த வரிசையில் இல்லை. எனவே அந்நகரில் மோடம் வைத்திருந்தவர் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரை எஸ்.டி.டி. வழியே அழைக்க வேண்டியிருந்தது. இரவு 11 மணிக்குப் பின் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்காகக் குறையும். ஆகவே இணைய வாழ்க்கையும் பெரும்பாலும் அந்நேரத்திற்குப் பிறகே தொடங்கியது.

அப்போது திரையில் படங்களோ பொத்தான்களோ இல்லை. கறுப்புப் பின்னணியில் கண்சிமிட்டும் ஒரு கோடு மட்டுமே. அங்கே ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து, தொடர்ந்து டி, பி என்னும் இரண்டையும் சேர்த்து, 0, ஒரு காற்புள்ளி, 080, பிறகு தொலைபேசி எண் என்று எழுதி என்டர் விசையைத் தட்டினால் பெட்டிக்குள் தொலைபேசி சுழலும் ஒலி கேட்கும். இந்த ஒற்றை வரியில் ஒரு முழு வாக்கியத்தின் உறுப்புகள் அனைத்தும் உள்ளன. முதல் இரண்டு எழுத்துகள் விளி: ‘கவனி’. அடுத்த டி ஏவல்வினை: ‘சுழற்று’. பி என்பது வினையடை: ‘துடிப்பு முறையில்’. காற்புள்ளி ‘இரண்டு நொடி பொறு’ என்னும் கட்டளை. அலுவலக இணைப்புப் பலகையில் 0 அழுத்தி வெளிக்கம்பி கிடைக்கும்வரை காத்திருப்பதற்காக. நிறுத்தற்குறி ஒன்று அதன் அகராதிப் பொருளிலேயே, அதாவது உண்மையாகவே நிறுத்துவதற்காக, பயன்பட்ட இடம் இது.

இந்த மொழியை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகிய இருவர். 1981இல் அவர்களது நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் என்னும் கருவியோடு இது பிறந்தது. அதற்கு முன் மோடம் பேசாப் பிராணி. தொலைபேசியின் கைப்பிடியை இரு ரப்பர்க் கிண்ணங்களில் பொருத்தி, எண்ணை மனிதரே சுழற்றி, மறுமுனையின் சீழ்க்கை கேட்டதும் கருவியை இயக்குவது ஒரு முறை. பெல் நிறுவனத்தின் 801 என்னும் தானியங்கி அழைப்புக் கருவியை வாங்கி, அதற்கெனத் தனிக்கம்பி இழுத்துக் கணினியோடு இணைப்பது மற்றொரு முறை. பின்னதில் ஒரு தெளிவு இருந்தது: கட்டளைக்கு ஒரு கம்பி, செய்திக்கு வேறொரு கம்பி. குதிரைக்காரனிடம் பேசுவது ஒரு வழி, வண்டியில் ஏற்றும் சரக்கு மற்றொரு வழி.

வீட்டுக் கணினிகளில் இருந்ததோ ஒரே ஒரு சீரியல் கேபிள். செய்தியும் அதன் வழியே போக வேண்டும், கட்டளையும் அதன் வழியேதான் போக வேண்டும். ஆகவே ஹேய்ஸும் ஹெதரிங்டனும் மோடத்திற்கு இரு நிலைகளை வகுத்தனர். கட்டளை நிலையில் வருவதெல்லாம் மோடத்திற்கே சொல்லப்படுவது. இணைப்பு நிலையில் வருவதெல்லாம் மோடத்தின் வழியாக மறுமுனைக்குச் சொல்லப்படுவது. முன்னதில் மோடம் முன்னிலை. பின்னதில் அது வெறும் ஊடகம், காது கேளாததுபோல் இருக்க வேண்டிய தூதன்.

கட்டளை நிலையின் இலக்கணம் சிக்கனமானது. வினைகள் பெரும்பாலும் ஓரெழுத்து: டி என்றால் அழை, எச் என்றால் துண்டி, ஏ என்றால் வரும் அழைப்பை எடு, ஓ என்றால் விட்ட பேச்சுக்குத் திரும்பு, இசட் என்றால் பழைய நிலைக்குச் செல். எழுவாய் இல்லை, காலம் இல்லை, எதிர்மறை இல்லை. தமிழில் வினைப்பகுதியே ஒருமை ஏவலாக நிற்பதை இங்கு நினைவுகொள்ளலாம். ‘நட’, ‘வா’ என்று ஏவல் வடிவிலேயே வினையடிகளை நிறுத்திக் காட்டுவது நன்னூலின் முறை. மரியாதைப் பன்மை சேர்க்காமல் ஏவும் அந்த வடிவம் தமிழரிடையே பிள்ளைகளுக்கும் நெருங்கியோர்க்கும் உரியது. மோடம் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. அதன் மறுமொழிகளும் சுருக்கமானவை: ஓகே, கனெக்ட், ரிங், நோ கேரியர், எர்ரர். மோடத்தின் மொத்தப் பேச்சும் தொடக்கத்தில் இந்த ஐந்து கூற்றுகளுக்குள் அடங்கியது. விரும்பினால் அவற்றையும் 0 முதல் 4 வரையான எண்களாகச் சுருக்கச் சொல்லலாம்.

விளியாக ஏ, டி என்னும் எழுத்துகள் அமைந்தது ‘அட்டென்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்பதோடு முடிந்துவிடவில்லை. மோடத்திற்குக் கணினி எந்த வேகத்தில் பேசுகிறது என்பது முன்கூட்டியே தெரியாது. சீரியல் கம்பி ஓய்வில் 1 என்னும் நிலையில் இருக்கும். ஓர் எழுத்து தொடங்கும்போது 0 என்னும் தொடக்கத் துடிப்பு ஒன்று வரும். ஆங்கிலப் பெரிய ஏ-வின் ஏழு பிட் வடிவம் 1000001. அதன் கடைசி இலக்கமே முதலில் அனுப்பப்படும், அது 1. ஆகவே தொடக்கத் துடிப்பான 0 இருபுறமும் 1 சூழத் தனித்து நிற்கிறது. அதன் அகலத்தை அளந்தாலே வேகம் தெரிந்துவிடும்: நொடிக்கு 300 பிட் என்றால் ஏறத்தாழ 3.3 மில்லிநொடி, 1200 என்றால் 0.83. அடுத்து வரும் டி-யின் வடிவம் 1010100. ஏ-வில் 1கள் இரண்டு, அதாவது இரட்டைப்படை. டி-யில் மூன்று, ஒற்றைப்படை. இரண்டையும் ஒப்பிட்டு, பிழை காண்பதற்காகச் சேர்க்கப்படும் எட்டாவது பிட் எந்த முறையில் வருகிறது என்பதையும் மோடம் கணித்துவிடும். இரண்டும் பெரிய எழுத்தாகவோ இரண்டும் சிறிய எழுத்தாகவோ இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கலந்து எழுதினால் இரண்டிலும் 1களின் எண்ணிக்கை ஒரே இனமாகி அது உடைந்துவிடும். ஒருவரை விளிக்கும் தொனியிலேயே அவரது ஊரும் வட்டார வழக்கும் வெளிப்பட்டுவிடுவதுபோல, இங்கும் விளி என்னும் ஒற்றைச் செயலில் பேசுபவரின் உச்சரிப்பு முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

கடினமான கேள்வி இதற்குப் பின்னர்தான் வருகிறது. மறுமுனையோடு பேசிக்கொண்டிருக்கையில் மோடத்திடம் திரும்பி ‘போதும், துண்டி’ என்று சொல்வது எப்படி? இணைப்பு நிலையில் எந்த எழுத்தை அடித்தாலும் அது செய்தியாகவே மறுமுனைக்குப் போய்விடும். ஏதேனும் ஒரு சொல்லைக் கடவுச்சொல்லாக ஒதுக்கலாம் என்றால், அந்தச் சொல்லைப் பற்றி ஒருவர் கடிதம் எழுதினால் என்னாவது? மொழியியலில் இது பழைய வேறுபாடு: ஒரு சொல்லைப் பயன்படுத்துவது வேறு, அந்தச் சொல்லைச் சுட்டுவது வேறு. ‘நெருப்பு’ என்று கூவுபவரும், நெருப்பு என்பது நான்கெழுத்துச் சொல் என்று பாடம் நடத்துபவரும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகின்றனர்.

தமிழ் இதற்கு ஓர் எளிய கருவி வைத்திருக்கிறது. ‘என்று’ என்னும் இடைச்சொல் வந்தவுடன் முன்னே சொன்னதெல்லாம் மேற்கோள் என்று கேட்பவர் அறிந்துகொள்கிறார். ‘போ என்று சொன்னான்’ என்பதைக் கேட்டு எவரும் எழுந்து போவதில்லை. ஆனால் அந்தக் குறி மேற்கோளுக்குப் பின்னர்தான் வருகிறது. ‘போ’ என்ற ஒலி காதில் விழுந்த கணத்தில் அது ஏவலா மேற்கோளா என்பது தெரியாது. சற்றுப் பொறுத்துக் கேட்பவருக்கே பொருள் விளங்கும்.

ஹெதரிங்டன் கண்ட தீர்வும் பொறுத்துக் கேட்பதுதான். பயனர் முதலில் ஒரு நொடி எதுவும் அனுப்பக் கூடாது. பிறகு மூன்று கூட்டல் குறிகளை விரைவாக அடிக்க வேண்டும். மீண்டும் ஒரு நொடி மௌனம். இந்த வடிவம் முழுமையாக அமைந்தால் மட்டுமே மோடம் ஓகே என்று மறுமொழி தந்து கட்டளை நிலைக்குத் திரும்பும். அப்போதும் இணைப்பு அறுந்துவிடாது. மூன்று கூட்டல் குறிகள் ஒரு கோப்பின் நடுவே வந்தால் அவற்றின் முன்னும் பின்னும் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும், மௌனம் இராது. ஆகவே அங்கே அவை வெறும் குறிகள். குறிகளுக்குப் பொருள் தருவது அவற்றைச் சூழ்ந்த காலம். எழுத்துக்கு மாத்திரை வகுத்த மரபில் வந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒலிக்காத காலத்தையும் இந்த மொழி எண்ணியது என்பதுதான் புதிது. அந்த மௌனத்தின் அளவு எஸ்12 என்னும் பதிவகத்தில் இருக்கும். தொடக்க மதிப்பு 50, ஒவ்வோர் அலகும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. எஸ்2 என்னும் பதிவகத்தில் 43 என்ற எண் இருக்கும். அது கூட்டல் குறியின் குறியெண்.

இந்தக் கூட்டல் குறிக்குத் தமிழோடு எதிர்பாராத ஓர் உறவு உண்டு. அதைக் காண மைசூருவுக்குத் திரும்ப வேண்டும். மானசகங்கோத்ரியில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்டது. 1991இல் இந்திய அரசின் மின்னணுத் துறை இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கிற்கும் மின்தரவகம் உருவாக்கும் பணி இந்த நிறுவனத்திடம் வந்தது. மொழிக்கு ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள். அதே 1991இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் இஸ்கி என்னும் எட்டு பிட் குறிமுறையைத் தரமாக அறிவித்தது. அதில் ஆங்கில எழுத்துகள் முதல் 128 இடங்களில் பழையபடியே நிற்க, இந்திய எழுத்துகள் எட்டாவது பிட் 1 ஆக உள்ள மேல்பாதியில் அமர்ந்தன.

ஹேய்ஸின் மொழி பிறந்த உலகில் எட்டாவது பிட்டுக்கு எழுத்தில் வேலையில்லை. ஏழே ஆங்கிலத்திற்குப் போதும், எட்டாவது பிழை காண்பதற்கு. முனைய மென்பொருளை ‘ஏழு பிட், இரட்டைப்படைச் சரிபார்ப்பு’ என்று அமைத்துவிட்டு இஸ்கி தமிழ்க் கோப்பை அனுப்பினால் ஒவ்வோர் எழுத்தின் தலையிலுள்ள பிட்டும் உதிர்ந்துவிடும். ககரம் 3 என்னும் எண்ணாக மாறும். அகரம் டாலர் குறியாகும். குறில் எகரத்தின் இஸ்கி எண் 171. அதிலிருந்து 128 போனால் மிஞ்சுவது 43, அதாவது கூட்டல் குறி. ஆக, தலையிழந்த தமிழில் எகரம் மூன்று அடுத்தடுத்து வந்தால் அது மோடத்தைக் கட்டளை நிலைக்கு அழைக்கும் அதே வடிவம். ஏகாரமோ காற்புள்ளியாகிவிடும். தமிழ் உரைநடையில் எகரம் மும்முறை தொடர்வதில்லை என்பதும், முன்பின் மௌனம் வேண்டும் என்பதும் காப்பாக நின்றன. இது தற்செயல்தான். எனினும் ஏழு பிட்டில் முடிந்துவிட்ட ஓர் எழுத்துலகில் எட்டாவது பிட்டில் வாழும் மொழி எவ்வளவு எளிதாக இரைச்சலாகவோ கட்டளையாகவோ திரிந்துவிடக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

அளவையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். சொல்லுக்குச் சராசரி 9 பைட் என்று கொண்டால் 30 லட்சம் சொற்கள் 270 லட்சம் பைட். நொடிக்கு 9600 பிட் செல்லும் மோடம் நொடிக்கு 960 பைட் கடத்தும். தமிழ்த் தரவகம் முழுவதும் மைசூருவிலிருந்து பெங்களூரு போய்ச் சேர இடைவிடாமல் ஏழே முக்கால் மணி நேரத்திற்கு மேல் ஆகும். கால் கட்டண நேரம் முழுவதையும் அது விழுங்கிவிடும்; நடுவில் கம்பி ஒருமுறை அறுந்தால் திரையில் ‘நோ கேரியர்’. தொலைபேசித் துறையின் கட்டணமானி மட்டும் அறுபடாது.

இந்தியக் கம்பிகளில் வேறொரு தடையும் இருந்தது. அது ஒலியியல் சார்ந்தது. மோடம் எண்ணைச் சுழற்றும் முன் டயல் ஒலிக்காகக் காத்திருக்கும். அமெரிக்க டயல் ஒலி 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு சுரங்களின் கூட்டு. இந்திய டயல் ஒலியோ 25 ஹெர்ட்ஸால் அலைக்கப்பட்ட 400 ஹெர்ட்ஸ் ஒலி, உறுமல்போல் நடுங்கும். அமெரிக்க ஒலிக்காகப் பழக்கப்பட்ட மோடங்கள் பல அதை மொழியாகவே ஏற்கவில்லை. கம்பி உயிரோடு இருக்க, ‘நோ டயல்டோன்’ என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்துகொண்டன. மருந்து கட்டளை வரியில் எக்ஸ்3 என்று சேர்ப்பது. அதன் பொருள்: ‘டயல் ஒலியைத் தேடாதே, கண்ணை மூடிக்கொண்டு சுழற்று.’ மோடத்திற்கு இந்திய ஒலியைக் கற்பிக்க வழியில்லை. கேட்காதே என்று ஏவ மட்டுமே வழியிருந்தது. விண்டோஸ் 95 வந்து கட்டளைகளைப் பொத்தான்களுக்குப் பின் மறைத்த பிறகும், ‘கூடுதல் அமைப்புகள்’ என்னும் சிறு கட்டத்தில் இந்த எக்ஸ்3ஐ எழுதி வைத்தவர்கள் நாடெங்கும் இருந்தனர். அதன் பொருள் தெரிந்து எழுதியவர்கள் சிலர். மந்திரம்போல் நகலெடுத்தவர்கள் பலர்.

மனிதர் அடிக்காமல் கணினியே இவ்வுரையாடலை நடத்தும் முறையும் இந்தியாவில் முன்பே இருந்தது. 1986-87இல் பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் ஐ.ஐ.டி.யும் தொலைபேசிக் கம்பி வழியே யூயூசிபி முறையில் மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டன. எர்னெட் வலையமைப்பின் தொடக்கம் அது. யூயூசிபியில் ‘அரட்டைச் சுவடி’ எனப்படும் வரி ஒன்று உண்டு. எதை எதிர்பார்க்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டிரண்டாக அடுக்கிய நாடகப் பிரதி அது. ஓகே வந்தால் எண்ணைச் சொல், கனெக்ட் வந்தால் பெயரைச் சொல் என்று செல்லும். கேள்வி வந்தால் பதில், வணக்கம் வந்தால் வணக்கம் என உரையாடல் ஆய்வாளர்கள் வகுக்கும் இணைக்கூற்றுகளின் மிகத் தூய வடிவம் இதுவாகவே இருக்கும்.

ஹேய்ஸின் மொழியை மற்ற மோட உற்பத்தியாளர்கள் அனைவரும் நகலெடுத்தனர். ‘ஹேய்ஸ் ஒத்தியல்பு’ என்பது பெட்டிகளின் மேல் அச்சிடும் விளம்பரச் சொல்லாயிற்று. கட்டளைகளுக்கு உரிமை கோர ஹேய்ஸால் இயலவில்லை. ஆனால் அந்த ஒரு நொடி மௌனத்திற்கு 1985 அக்டோபரில் ஹெதரிங்டன் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உரிமத் தொகை தர மறுத்த எவரெக்ஸ், ஆம்னிடெல், வென்-டெல் ஆகிய நிறுவனங்கள் மீதான வழக்கில் 1991இல் நடுவர் குழு ஹேய்ஸுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சொற்கள் பொதுச்சொத்து, சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி தனியுடைமை. இப்படியொரு வழக்கை இலக்கண ஆசிரியர் எவரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

பணம் தராமல் தப்ப விரும்பியவர்கள் மௌனத்தைக் கைவிட்டனர். மூன்று கூட்டல் குறிகளை அடுத்து முறையான ஏடி கட்டளை ஒன்றும் என்டரும் வந்தால் போதும், முன்பின் காத்திருக்கத் தேவையில்லை என்று வேறொரு முறை வகுத்தனர். இப்படி ஒரு தொடர் எந்தக் கோப்பில்தான் வந்துவிடப்போகிறது என்பது அவர்களின் வாதம். தற்செயலாக வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது சரியே. வேண்டுமென்றே எழுதுபவர்களை அவர்கள் எண்ணவில்லை.

1990களின் பிற்பகுதியில் அது நிகழ்ந்தது. இணையத்தில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ‘பிங்’ என்னும் சிறு செய்தியை அனுப்புவர். பெறும் கணினி அதன் உள்ளடக்கத்தை அப்படியே எதிரொலிக்க வேண்டும் என்பது விதி. அந்த உள்ளடக்கத்தில் மூன்று கூட்டல் குறிகளையும் ‘துண்டி’ என்னும் கட்டளையையும் வைத்து அனுப்பினால், பெற்றவரின் கணினி மரியாதையாக அதைத் திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொல்லும் வழியில் அது அவரது மோடத்தைக் கடக்கும். மௌனம் கேட்காத மோடம் அதைத் தன் எசமானரின் ஏவலாக எண்ணிக் கம்பியை அறுத்துவிடும். பிறர் சொன்ன சொல்லை ‘என்று’ சேர்க்காமல் திரும்பச் சொன்னதே பாதிக்கப்பட்டவரின் குற்றம். எஸ்2 பதிவகத்தில் 255 என்று எழுதி அந்த விடுபடு குறியையே செயலிழக்கச் செய்வது இதற்கான தீர்வாகச் சொல்லப்பட்டது. அதாவது, இனி நடுவில் என்னோடு பேசாதே என்று மோடத்தின் காதை அடைத்துவிடுவது.

ஹேய்ஸ் நிறுவனம் 1994இலும் 1998இலும் திவால் பாதுகாப்பு நாடி, 1999இல் கலைக்கப்பட்டது. இந்தியாவில் 1998 இறுதியில் தனியாரும் இணையச் சேவைக்கு அனுமதிக்கப்பட்டனர், 172 என்று தொடங்கும் எண்கள் பல வீடுகளில் மனப்பாடமாயின, 2005இல் பி.எஸ்.என்.எல். அகலக்கற்றை வந்தபின் டயல் ஒலிக்காகக் காத்திருக்கும் தேவையே மெல்ல மறைந்தது.

மொழி மறையவில்லை. ஜிஎஸ்எம் தரத்தை வகுத்தவர்கள் அலைபேசியை ஏவுவதற்கு இந்த ஏடி கட்டளைகளையே எடுத்து விரித்தனர். அலைபேசி அழைப்பில் கிணற்று மோட்டாரை இயக்கும் தானியங்கிப் பெட்டிகளிலும், வண்டிகளின் இருப்பிடம் காட்டும் கருவிகளிலும் உள்ள ஜிஎஸ்எம் சில்லுகள் இன்றும் ஏடி என்னும் விளிக்கே விழிக்கின்றன. குறுஞ்செய்தி அனுப்பவும் அதில் ஒரு கட்டளை உண்டு. செய்தி எங்கே முடிகிறது, கட்டளை எங்கே தொடங்குகிறது என்ற பழைய சிக்கலுக்கு அங்கே மௌனம் பயன்படவில்லை. கன்ட்ரோல், இசட் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் செய்தி முடிந்ததாகப் பொருள்.

ஆங்கிலச் செய்தி என்றால் 160 எழுத்துகளை அப்படியே அடிக்கலாம். தமிழ் என்றால் 70 மட்டுமே. அதையும் எழுத்தாக அடிக்க முடியாது. ஒருங்குறி எண்ணாகப் பெயர்த்து, ஓர் எழுத்துக்கு நான்கு இலக்கம் வீதம் சொல்ல வேண்டும். அகரத்திற்கு 0, பி, 8, 5. ககரத்திற்கு 0, பி, 9, 5. எகரத்திற்கு 0, பி, 8, ஈ.